ஸ்விட்ச் கம்பத்தடியில் ஒரு ஜோடி செருப்பு

"மேல எவன்டா?"

கம்பத்தின் மேல் இருப்பது நான்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். காலையில் ஆபீசில் வேலை பிரித்துக் கொடுத்தவரே அவர். கீழே நின்று அண்ணாந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார். இருந்தாலும் கேட்பார்.

"தணிகாசலம் அய்யா!"

"கேக்கல!"

"தணிகாசலம்!"

"ஆங். இப்ப சொன்னியே, அது பேரு. மின்ன சொன்னது முனகல்."

சித்தூரில் கரண்ட் ஆபீசில் எங்களுக்கு லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் கீழே வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திமிர் உண்டு. வேறு எந்த உத்தியோகஸ்தர் பேரைச் சொன்னாலும் எனக்கு அந்தத் திமிர் வராது. சில பேரைச் சொன்னால் கொட்டாவிதான் வரும்.

குள்ளமான ஆள். காக்கி அரைக்கால் சட்டை, தொப்பை, அதற்கு மேல் ஆந்திரா முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு தொண்டை. திட்டுவது தமிழில், எண்ணுவது தெலுங்கில், தும்மினால் மட்டும் ஈசுவரா என்பார். அவர் தாய்மொழி எது என்று எங்களுக்குள் பந்தயமே நடந்தது. தமிழ் ஆட்கள் "நம்ம ஆளு" என்றோம். தெலுங்கு ஆட்கள் "மனவாடே" என்றார்கள். அவரிடமே ஒருநாள் கேட்டதற்கு, "கரண்ட்டு எந்த பாசைலடா அடிக்கும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வெற்றிலைக்குப் போய்விட்டார்.

அவருக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் ஆகாது. தன் கேங்கில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது. சண்டை போடலாம், தாராளமாக. அம்மா அக்காள் வரைக்கும் இழுத்துத் திட்டிக்கொண்டாலும் பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றபடி கேட்பார். நல்ல வசவாக வந்தால் ரசிக்கக்கூடச் செய்வார். ஆனால் ஒருத்தன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான் என்று தெரிந்தால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

பேசாதவர்களுக்கு அவர் வைத்திருந்த மருந்து கம்பக் குழி. கம்பம் நடுகிற குழியில் ஒரு ஆள்தான் இறங்க முடியும். உள்ளே இருப்பவன் மண்ணைக் கூடையில் அள்ளுவான், வெளியே இருப்பவன் தூக்கிக் கொட்டுவான். கங்காதர நெல்லூர்ப் பக்கம் புது லைன் இழுத்தபோது, வேலிச் சண்டையில் பேச்சை விட்டிருந்த இரண்டு பேரை ஒரே குழிக்கு விட்டார். உள்ளே இருந்தவன் கூடை நிறைந்ததும் தொண்டையைச் செருமினான். வெளியே இருந்தவன் வானத்தைப் பார்த்தான். மறுபடியும் செருமினான். இன்ஸ்பெக்டர் புளியமரத்தடியில் உட்கார்ந்து, "நல்லா செருமு நைனா, சாயங்காலத்துக்குள்ள குழி தன்னால ரொம்பிடும்" என்றார். உச்சி வெயில் ஏறியதும் உள்ளே இருந்தவன் கத்தினான்: "டேய் எருமை, கூடையைத் தூக்குடா!" மேலே இருந்தவன், "அதைக் காலைலயே சொல்றதுக்கு இன்னாடா?" என்றான். அவ்வளவுதான், வேலிச் சண்டை தீர்ந்தது. வேலி மட்டும் இன்னும் தீரவில்லை என்று கேள்வி.

இதில் வேடிக்கை, வீட்டில் அவர் வாயே திறக்க மாட்டாராம். ஒரு பொங்கலுக்கு எங்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பரிமாறிக்கொண்டே அவர் சம்சாரம், "உங்க கிட்டதான் இப்டி பேசறாரா? என்கிட்ட கல்யாணம் ஆனதுலேர்ந்து பேசினதெல்லாம் சேத்தா ஒரு கம்பம் ஏறி எறங்கற நேரம்கூட ஆகாது" என்றார். அவர் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு இலையைக் காட்டினார்.

இனி செருப்புக்கு வருகிறேன். அது அவருடைய சட்டம். எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

லைனில் வேலை என்றால் முதலில் ஸ்விட்ச் கம்பத்துக்குப் போய்க் கைப்பிடியை இழுத்துக் கரண்ட்டை நிறுத்த வேண்டும். அங்கே ஒருவன் காவல் இருப்பான். வேலை நடக்கிற கம்பம் சில நேரம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும். ஏறுகிறவன் தன் செருப்பை ஸ்விட்ச் கம்பத்தடியில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். வேலை முடிந்து அவனே வந்து, அவன் காலையே அதில் நுழைத்து, "எறங்கிட்டேன்" என்று தன் பேரைச் சொல்லிக் கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் காவல் இருப்பவன் கைப்பிடியைத் தொடலாம். செருப்பு அங்கே இருக்கும்வரை ஆள் மேலே இருக்கிறான் என்று அர்த்தம். தப்பிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்கு இறக்கிவிடுகிற எர்த் சங்கிலி என்று ஒன்று இருந்தது; ஆனால் எல்லா கேங்குக்கும் சேர்த்து ஒன்றுதான், நமக்கு வேண்டிய நாளில் அது வேறு ஊரில் இருக்கும்.

"ரோடு சுடுது அய்யா" என்று ஒருமுறை சொன்னேன்.

"சுடட்டும். அப்பதான் திரும்பி வரணும்னு ஞாபகம் இருக்கும்."

அடுத்தவன் செருப்புக்குக் காவல் இருப்பதா என்று முறைத்துக்கொண்ட ஆட்களும் உண்டு. அந்தக் காலம் அப்படி, யார் யார் செருப்பை யார் தொடுவது என்று ஆயிரம் கணக்கு. அவர்களிடம் அவர், "நீ மேல ஏறும்போது உன்னுதை அவன் பாத்துக்குவான், போ" என்பார். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

எனக்குப் பெரும்பாலும் காவல் இருந்தவன் செங்கல்ராயுடு. நல்ல தெலுங்குக்காரன், நல்ல கோபக்காரன். அவன் வீட்டு ராகி சங்கடி என்கிற களியும் வேர்க்கடலைத் துவையலும் பாதி எனக்கு, என் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு பாதி அவனுக்கு. அவன் கையில் ஸ்விட்ச் இருக்கும்போது மேலே எனக்குக் கை நடுங்கியதே கிடையாது. என் பெண்டாட்டியைவிட அவன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம் என்று அவளே சொல்லிக் காட்டுவாள்.

அப்போதுதான் எல்லைப் பேச்சு சூடு பிடித்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று இன்னும் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கொஞ்சம் கொடுத்துக் கொஞ்சம் வாங்கிக்கொள்வதாக முடிவாகி, சர்க்கார் ஆட்களில் மெட்ராஸ் பக்கம் போக விருப்பமுள்ளவர்கள் சொல்லலாம் என்று ஆபீசில் அறிவித்தார்கள். என் ஊர் திருத்தணிக்குப் பக்கம். நான் போகிறேன் என்று சொன்னேன்.

டீக்கடையில் செங்கல்ராயுடு கேட்டான்: "போறவன் சும்மா போறியா, இல்ல திருத்தணி மலையையும் தூக்கிக்கினு போறியா?"

"எங்க மலை, தூக்கிக்கினு போறோம். உனக்கு இன்னா?"

"மீ மலையா? எப்பலேர்ந்து?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவன் ஒரு வார்த்தை சொன்னான். இரண்டையும் இங்கே எழுத முடியாது. மறுநாள் முதல் பேச்சு நின்றது. நாங்கள் இரண்டு பேரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மத்தியானச் சாப்பாட்டில் தமிழ் ஆட்கள் ஒரு மரத்தடி, தெலுங்கு ஆட்கள் இன்னொரு மரத்தடி என்று ஆகிவிட்டது. ஸ்பானர் வேண்டும் என்றால்கூட ஆள்விட்டுக் கேட்டோம். சம்பளம் அதே சம்பளம், வேலை அதே வேலை. ஆனால் காலையில் சைக்கிளை எடுக்கவே மனசு வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். அவன் வீட்டிலும் அதே கதைதான் என்று பிறகு தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு எதிரெதிரே நிறுத்தினார்.

"உன் பேரு இன்னாடா?"

"தணிகாசலம்."

"நீ பேரேமிரா?"

"செங்கல்ராயுடு."

"ரெண்டும் அந்த மலை மேல இருக்கற ஒரே சாமி பேருடா, மடப் பசங்களா! அவரு எந்தப் பக்கம் போறதுன்னு யாரைக் கேக்கணும், உங்களையா?"

கேங்கே சிரித்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். கம்பக் குழிக்கு அனுப்பலாம் என்றால் அப்போது புதுக் கம்பம் எதுவும் நடவில்லை. அந்த நேரம் பார்த்து, திருப்பதியில் உற்சவக் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று எங்கள் கேங்கை அங்கே அனுப்பினார்கள்.

யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாருக்குப் போகும் லைனில் கம்பியைத் தாங்குகிற பீங்கான்கள் உடைந்திருந்தன. மாற்ற வேண்டும். இன்ஸ்பெக்டர் வேண்டுமென்றே என்னை மேலே ஏறச் சொன்னார், செங்கல்ராயுடுவை ஸ்விட்சுக்குப் போட்டார். நான் கைப்பிடியை இழுத்தேன், செருப்பைக் கழற்றினேன், அவன் பக்கம் பார்க்காமல் நடந்தேன். வேலைக் கம்பம் ஏரிக்கரை திருப்பத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து ஸ்விட்ச் கம்பம் தெரியாது.

அதற்குப் பிறகு கீழே நடந்தது செங்கல்ராயுடு வாயாலேயே நான் கேட்டது. என் செருப்பைப் பார்க்கவே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்ததாம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ரோட்டில் கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. எப்போதோ திரும்பிப் பார்த்தால் செருப்பைக் காணோம். திருப்பதியில் உற்சவ நாளில் கேட்பாரில்லாமல் கிடக்கிற செருப்பு எவ்வளவு நேரம் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு அது தோன்றவில்லை. நான்தான் இறங்கி வந்து, அவனோடு பேசப் பிடிக்காமல், சத்தம் போடாமல் மாட்டிக்கொண்டு போய்விட்டேன் என்று நினைத்தான். அப்படிச் செய்யக்கூடியவன்தான் நான். அது அவனுக்குத் தெரியும்.

புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவர் அப்போது ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை. தொட்டியில் தண்ணீர் தீர்ந்து கூட்டம் கூச்சல் போடுகிறது, மேலிடத்திலிருந்து ஆள்மேல் ஆள் வருகிறது, அவர் என்ன செய்வார்? அந்தச் செருப்புச் சட்டத்தையும் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"செருப்பு இல்லையே. ஆள் இறங்கிட்டான். போடு ஸ்விட்சை."

செங்கல்ராயுடு கைப்பிடியில் கை வைத்தான். உடனே எடுத்துவிட்டான். "அய்யா வரட்டும் சார்" என்றான்.

மோட்டார் கொட்டகையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். வெறுமையாக இருந்த கம்பத்தடியைப் பார்த்தார்.

"அவன் வந்தானா?"

"தெரியாது அய்யா. செருப்பைக் காணோம்."

"உன்கிட்ட ஏதாச்சும் பேசினானா?"

"மாட்லாடுகோம் கதா அய்யா." நாங்கள் பேசிக்கொள்வதில்லையே என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டானாம்.

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "செருப்பு இல்லேன்னா ஆள் கீழே இருக்கான்னு நீங்களே வெச்ச ரூல்தானே, இன்ஸ்பெக்டர்? அப்புறம் என்ன?"

"இவனுங்க ரெண்டு பேரும் பேசிக்கினு இருந்தா நான் செருப்பை நம்புவேன் சார். இவனுங்க பேசறதில்ல. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"அதுவரைக்கும் இந்த ஜனம் தாகத்துல நிக்கணுமா? நான் எழுதி மேலே அனுப்ப வேண்டியிருக்கும், தெரியுமா?"

"எழுதுங்க சார்."

அவர் தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்தார். செங்கல்ராயுடுவிடம், "இது என்னுது. நான் வந்து கால்ல போடற வரைக்கும் அந்தக் கைப்பிடியில ஒருத்தர் கையும் படக்கூடாது. சார் கையா இருந்தாலும் சரி" என்றார். அதிகாரியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துவிட்டார்.

மேலே நான் கடைசிப் பீங்கானுக்கு முந்தினதில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் லைனில். ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு குள்ள உருவம் வந்தது. உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி ஓடி வந்தது, தொப்பை ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேல எவன்டா?" குரல் உடைந்திருந்தது.

"தணிகாசலம் அய்யா!"

"எறங்கிட்டியா?"

இதென்ன கேள்வி என்று நினைத்தேன். "இல்ல அய்யா! இன்னும் ஒண்ணு இருக்குது!"

"செருப்பு எங்க?"

"அவன்கிட்டதான் வுட்டுட்டு வந்தேன்!"

அவர் அப்படியே கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வேலை இடத்தில் எந்த ஆள் வாயை மூடிப் பார்த்ததில்லையோ அந்த ஆள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கத்தினேன்.

"அய்யா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. மீதியையும் முடிச்சுட்டு எறங்கு. நான் இங்கயே குந்திக்கினு இருக்கறேன்."

முடித்துவிட்டு இறங்கினேன். திரும்பி நடக்கும்போதுதான் செருப்பு போன கதையைச் சொன்னார். அவர் பாதம் கொப்புளித்து ரோட்டோரப் புல்லில் நொண்டி நொண்டி வந்தார். தோளைக் கொடுத்தேன். வேண்டாம் என்றார், பிறகு பிடித்துக்கொண்டார்.

ஸ்விட்ச் கம்பத்தடியில் செங்கல்ராயுடு நின்ற கோலத்தை நான் மறக்க முடியாது. இன்ஸ்பெக்டரின் செருப்பை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். இனி எவன் கைக்கும் போகக்கூடாது என்று அப்படி. ஜீப்பில் சாய்ந்து நின்ற அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மேலே ஒரு ஆள் நிஜமாகவே இருந்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் செருப்பை வாங்கிக் கீழே வைத்துக் காலை நுழைத்தார். என்னைப் பார்த்தார். எனக்குச் செருப்பில்லை. செங்கல்ராயுடு தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் தள்ளினான். அதில் காலை வைத்தேன்.

"எறங்கிட்டேன்! தணிகாசலம்!"

செங்கல்ராயுடு கைப்பிடியைத் தூக்கினான். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இப்ப திட்டிக்கிங்கடா" என்றார் இன்ஸ்பெக்டர். "நல்லா திட்டிக்கிங்க. பாக்கி வெக்காதீங்க."

திட்டிக்கொண்டோம். நடு ரோட்டில், கோவிந்தா போடுகிற ஜனம் நின்று வேடிக்கை பார்க்க, அவன் தெலுங்கில், நான் தமிழில். திருத்தணியில் ஆரம்பித்துக் கருவாட்டுக் குழம்பு வரைக்கும் போனோம். நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ ஏன்ரா முதுகைக் காமிச்சுக்கினு குந்துன, பாவி?" என்று கேட்டேன். அவனும் அழுதான். அன்று மத்தியானம் கேங்க் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது.

அதிகாரி சொன்னபடி எழுதினார். சொன்னால் கேட்கவில்லை என்று மெமோ வந்தது, விளக்கம் கேட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு அடுத்து வரவேண்டியிருந்த உத்தியோகம் வேறொருவருக்குப் போயிற்று. நாங்கள் தமிழ், தெலுங்கு என்று பார்க்காமல் எல்லோரும் கூட்டமாகப் பெரிய ஆபீசுக்குக் கிளம்பினோம். இன்ஸ்பெக்டரே வாசலில் மறித்து எங்களை ஓட ஓட விரட்டினார். "லைனை வுட்டுட்டு எங்கடா ஊர்வலம்? எனக்கு உத்தியோகம் போனா இன்னா? என் ஆளுங்க ஒருத்தனைக்கூட கம்பத்துலேர்ந்து பொணமாத் தூக்கி எறக்கினதில்ல. அதைக் கேட்டு எழுதச் சொல்லு அவங்களை!" அவர் பெருமையடித்துக்கொண்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்தப் பெருமை முழுக்க நிஜம்.

நான் மெட்ராஸ் பக்கம் போகிற நாள் வந்தது. சொல்லிக்கொண்டு போக அவர் வீட்டுக்குப் போனேன். நீங்களும் வரலாமே அய்யா என்றேன். "நான் நட்ட கம்பமெல்லாம் இங்க நிக்கிது, நான் எங்க வரது?" என்றார். பிறகு, "சொல்லிட்டுப் போற இல்ல, அது போதும். போ" என்றார். வீட்டில் அவர் அவ்வளவு பேசியதே எனக்குப் பெரிது.

எல்லை பிரிந்தது. கோடு போட்டவர்கள் எங்கள் லைனைக் கேட்டுக்கொண்டு போடவில்லை. ஸ்விட்ச் ஆந்திராவில் இருந்தது, அதிலிருந்து போகிற கம்பங்களில் பாதி மெட்ராஸில் இருந்தன. சில வருஷம் கழித்து ஒரு காற்று மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கம்பி அறுந்தது. இரண்டு ராஜ்யத்து அதிகாரிகளும் வந்து, காகிதம் பரிமாறி, கையெழுத்துப் போட்டார்கள். ஸ்விட்ச் கம்பத்தடிக்கு நான் போனேன். அங்கே காவலுக்கு நின்றவன் செங்கல்ராயுடு. தலை நரைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறார் என்று சொன்னான்.

நான் செருப்பைக் கழற்றி வைத்தேன். இளம் அதிகாரி ஒருவர், "அதை ஏன் இங்கே விடறீங்க? பர்மிட்தான் கொடுத்தாச்சே" என்றார். இந்தத் தடவை செங்கல்ராயுடு அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டான்.

வேலையை முடித்து வந்து காலை நுழைத்தேன். அத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில் கத்த வெட்கமாக இருந்தது. மெதுவாக, "எறங்கிட்டேன்" என்றேன்.

கைக்கெட்டுகிற தூரத்தில் நின்ற செங்கல்ராயுடு கைப்பிடியைத் தொடவில்லை.

"கேக்கல" என்றான். "எவன்டா எறங்குனது?"

தொண்டை கிழியக் கத்தினேன்.

"தணிகாசலம்!"

அவன் கைப்பிடியைத் தூக்கினான். அந்தப் பக்கம் ஆந்திராவிலும் இந்தப் பக்கம் மெட்ராஸிலும் விளக்கு எரிந்தது.